பாதாளத்தில் பூட்டிய வாயு

கரியமில வாயுவைப் பூமிக்கு அடியில் சேமிப்பது என்றதும், ஒரு பெரிய குகையில் வாயுவை நிரப்பி மூடி வைப்பதாகப் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அங்கே இருப்பது உவர்நீர் ஊறிய மணற்பாறை. மணல் துகள்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. வாயு போய்த் தங்குவது அவற்றில்தான். அந்தத் துளைகளும் காலியாக இல்லை. ஏற்கெனவே குடியிருக்கும் உவர்நீரை நெருக்கித் தள்ளினால்தான் வாயுவுக்கு இடம் கிடைக்கும். நெருக்கினால் அழுத்தம் கூடும். இந்தத் தொழிலின் தலைவலிகளில் பாதிக்குமேல் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகின்றன.

ஆலைப் புகையிலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோ பிரித்தெடுத்த கரியமில வாயுவை அழுத்தி, பொதுவாக 800 மீட்டருக்கும் கீழே அனுப்புகிறார்கள். 31 பாகை வெப்பத்தையும், வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 73 மடங்கையும் தாண்டும்போது அது வாயுவுமில்லாத, திரவமுமில்லாத ஓர் இடைநிலைக்கு வந்துவிடும். பாய்வதில் வாயுவைப்போலவும், அடர்த்தியில் திரவத்தைப்போலவும் இருக்கும். ஒரு கனமீட்டருக்கு 600 முதல் 700 கிலோ வரை எடை. ஆனாலும் சுற்றியுள்ள உவர்நீரைவிட லேசானது என்பதால் மேலே ஏறப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது, மணற்பாறைக்குமேல் படர்ந்திருக்கும், நீரையும் வாயுவையும் எளிதில் விடாத களிப்பாறை. இதை மூடுபாறை என்கிறார்கள்.

காலம் செல்லச்செல்ல வாயுவின் ஒரு பகுதி நுண்துளைகளில் துளித்துளியாகச் சிக்கி நின்றுவிடும். இன்னொரு பகுதி உவர்நீரில் கரையும். வாயு கரைந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். மிகச் சிறிய பகுதி, மிக மெதுவாகக் கனிமமாக மாறும். ஆகவே முதல் சில பத்தாண்டுகளே கவலைக்குரிய காலம். வாயு இன்னும் திரளாக நகர்ந்துகொண்டிருப்பதும் அழுத்தம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். நன்கு தேர்ந்தெடுத்து நன்கு நிர்வகிக்கப்படும் இடங்களில் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் 99 விழுக்காட்டுக்குமேல் வாயு உள்ளேயே இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று, ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2005ஆம் ஆண்டு அறிக்கையில் சொன்னது. இந்த வாக்கியத்தை மேற்கோள் காட்டுபவர்கள் ‘நன்கு நிர்வகிக்கப்படும்’ என்ற நிபந்தனையைப் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். கண்காணிப்பு என்ற வேலை முழுவதும் அந்த நிபந்தனைக்குள்தான் இருக்கிறது.

கண்காணிப்பவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். வாயு அடைத்த எல்லைக்குள்ளேயே இருக்கிறதா என்பது முதல் கேள்வி. பொதுமக்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் இதில்தான் அக்கறை. முன்கூட்டிக் கணித்தபடி அது நடந்துகொள்கிறதா என்பது இரண்டாவது. நடைமுறையில் திட்டங்களைத் திசைதிருப்பியது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான். ஒரு சொட்டும் கசியாமலே கணிப்பு பொய்த்துப்போன இடங்கள் உண்டு.

ஒலி காட்டும் படம்

வட கடலில் நார்வேக்குச் சொந்தமான ஸ்லைப்னர் எரிவாயுக் களத்தில் 1996ஆம் ஆண்டு இந்தச் சேமிப்பு வேலை தொடங்கியது. அங்கே கிடைத்த எரிவாயுவில் ஏறக்குறைய 9 விழுக்காடு கரியமில வாயு கலந்திருந்தது. விற்பனைக்கு 2.5 விழுக்காட்டுக்குமேல் இருக்கக்கூடாது. பிரித்தெடுத்ததைக் காற்றில் விட்டால், 1991இல் நார்வே கொண்டுவந்த கார்பன் வரியைக் கட்ட வேண்டும். கணக்குப் பார்த்த ஸ்டாட்ஆயில் நிறுவனம் (இன்றைய ஈக்வினார்), கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில் உள்ள உட்சிரா மணற்பாறைக்குள் அதைச் செலுத்தத் தொடங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன். பூமியைக் காப்பாற்றும் ஆசையைவிட வரிக்குத் தப்பும் கணக்குதான் உலகின் முதல் பெரிய சேமிப்புத் திட்டத்தைப் பெற்றெடுத்தது என்று சொன்னால் மிகையில்லை.

உள்ளே போனதைப் பார்க்க நில அதிர்வு ஆய்வு உதவியது. கப்பல் ஒன்று கடற்பரப்பில் ஒலித் துடிப்புகளை எழுப்பும். அவை பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புவதை, கப்பலுக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் நீண்ட வடங்களில் உள்ள ஒலிவாங்கிகள் பதிவு செய்யும். நீர் நிறைந்த மணலைவிட, கரியமில வாயு புகுந்த மணலில் ஒலி மெதுவாகச் செல்லும். எனவே வாயு புகுந்த அடுக்கு படத்தில் பளிச்செனத் தெரியும். வாயு புகுமுன் 1994இல் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, 1999இலும் பிறகு பல முறையும் மறுபடி எடுத்து ஒப்பிட்டார்கள்.

ஒன்பது பளிச்சிடும் அடுக்குகள் தெரிந்தன. மணற்பாறைக்கு நடுவே ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிமனுள்ள மெல்லிய களிப்படலங்கள் இருப்பது கிணற்றுப் பதிவுகளில் முன்பே தெரியும். ஆனால் அவை வாயுவை இப்படி மாடிமாடியாக நிறுத்திவைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அதேசமயம் அந்தப் படலங்கள் வாயுவை முழுதாகத் தடுக்கவும் இல்லை. மூன்றே ஆண்டுகளில், 1999 படத்திலேயே, மேல் அடுக்கை வாயு எட்டியிருந்தது. உச்சி அடுக்கில் அது வடக்கு நோக்கி நீண்டு ஓடிய வேகத்தைப் பிடிக்க, கணினி மாதிரிகளைப் பல ஆண்டுகள் திருத்த வேண்டியிருந்தது. மூடுபாறை மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அதைத் தாண்டி எதுவும் மேலே வந்ததாகப் படங்களில் இல்லை.

இந்தப் படங்களை நம்புவதற்கும் ஓர் அளவு உண்டு. துளைகளில் சிறிதளவு வாயு புகுந்ததுமே ஒலியின் வேகம் சட்டென்று விழுந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு புகுந்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆகவே நில அதிர்வுப் படம் ‘இங்கே இருக்கிறது’ என்று அடித்துச் சொல்லும். ‘இவ்வளவு இருக்கிறது’ என்று சொல்லத் திணறும். அந்தக் குறையை நிரப்ப ஸ்லைப்னரில் கடல்தரையில் கருவிகளை வைத்து ஈர்ப்பு விசையையும் அளந்தார்கள். கனமான நீர் விலகி லேசான வாயு வந்த இடத்தில் ஈர்ப்பு மிக நுண்ணிய அளவில் குறையும். ஒலிப்படமும் ஈர்ப்பளவும் சேர்ந்தபோது, அடியில் உள்ள வாயுவின் அடர்த்தியை மதிப்பிட வழி பிறந்தது.

ஸ்லைப்னரில் கிணற்றின் அடியில் அழுத்தமானி இல்லை. அங்கே அது பெரிய இழப்பாக அமையவில்லை. மணற்பாறை அவ்வளவு அகலமானது, துளைகள் நிறைந்தது. அழுத்தம் பெரிதாக ஏறவே இல்லை. அடுத்த களத்தில் நிலைமை தலைகீழ்.

ஸ்னோவிட்: ஓர் அழுத்தமானி காப்பாற்றிய திட்டம்

நார்வேயின் வடகோடியில், பேரண்ட்ஸ் கடலில் ஸ்னோவிட் எரிவாயுக் களம் இருக்கிறது. அங்கிருந்து குழாய் வழியே ஹாமர்ஃபெஸ்ட் நகருக்கு அருகிலுள்ள ஆலைக்கு எரிவாயு வருகிறது. அதைக் குளிரவைத்துத் திரவமாக்குகிறார்கள். அந்தக் கடுங்குளிரில் கரியமில வாயு உறைந்து கருவிகளை அடைத்துவிடும் என்பதால், முன்னதாகவே பிரித்தாக வேண்டும். பிரித்ததைச் சுமார் 150 கிலோமீட்டர் கடலடிக் குழாயில் திருப்பி அனுப்பி, ஏறத்தாழ 2,600 மீட்டர் ஆழத்திலுள்ள டூபோவன் என்ற மணற்பாறையில் 2008 ஏப்ரல் முதல் செலுத்தினார்கள்.

தொடங்கிய சில மாதங்களிலேயே கிணறு அடம்பிடித்தது. உலர்ந்த கரியமில வாயு பாறையிலுள்ள உவர்நீரை உறிஞ்சிக்கொள்ள, தூத்துக்குடி உப்பளத்தில் நீர் வற்றி உப்பு பூப்பதுபோல் கிணற்றைச் சுற்றியுள்ள துளைகளில் உப்பு படிந்தது. உப்பைக் கரைக்கும் கிளைக்கால் கலவையை அவ்வப்போது செலுத்தியதில் அடைப்பு விலகியது. அத்தோடு முடிந்ததென்று நினைத்திருக்கலாம். ஆனால் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறிக்கொண்டே போனது.

இங்கேதான் கிணற்றுக்குள் பொருத்தியிருந்த அழுத்தமானி பேசியது. செலுத்துவதை நிறுத்தியதும் கிணற்றின் அழுத்தம் இறங்கும். அது இறங்கும் விதத்தில் செய்தி இருக்கிறது. கிணற்றை ஒட்டிய உப்பு அடைப்புதான் காரணம் என்றால், நிறுத்திய சிறிது நேரத்தில் அழுத்தம் மளமளவென்று பழைய நிலைக்கு வர வேண்டும். பாறையே மூடிய அறைபோல் இருந்தால், கொஞ்சம் இறங்கி, பழைய நிலையைவிட உயர்ந்த ஓர் அளவில் நின்றுவிடும். தள்ளப்பட்ட நீருக்குப் போக்கிடம் இல்லை என்று பொருள். ஸ்னோவிட்டின் வரைகோடு இரண்டாவது வகையை நோக்கிச் சாய்ந்தது. 2009இல் எடுத்த நில அதிர்வுப் படமும் அதற்கு ஒத்துப்போனது. வாயு பரவிய இடம் சிறியது. அழுத்தம் பரவிய இடமோ பெரியது, ஆனால் ஓர் எல்லையில் முட்டி நின்றது. டூபோவன் பாறை, பழங்கால ஆற்றுக் கால்வாய்களில் படிந்த மணல். அகலமாக விரிந்த ஒரே அடுக்கென்று நம்பிய இடத்தில், பிளவுகளும் களியும் குறுக்கே நின்று அறை அறையாகப் பிரித்திருந்தன.

அழுத்தம் இப்படியே ஏறினால் ஒரு கட்டத்தில் பாறை உடையும். அந்த அளவை எட்டும்வரை காத்திருப்பதா, வேகத்தைக் குறைப்பதா, புதிய கிணறு தோண்டுவதா என்பது கேள்வி. வேகத்தைக் குறைத்தால் கரியமில வாயுவைக் காற்றில் விட வேண்டும், அல்லது ஆலையின் உற்பத்தியையே குறைக்க வேண்டும். ஆனால் அதே கிணறு, மேலே ஸ்டோ என்ற இன்னொரு நல்ல மணற்பாறையையும் ஊடுருவிச் சென்றிருந்தது. 2011இல் கீழ்ப்பகுதியை அடைத்துவிட்டு, மேலே கிணற்றுக் குழாயில் துளையிட்டு அந்தப் பாறைக்குள் வாயுவைத் திருப்பினார்கள். அதுவரை டூபோவனில் சுமார் 11 லட்சம் டன் போயிருந்தது. கசிவு இல்லை, விபத்தும் இல்லை. உலகச் செய்திகளில் இடமே பிடிக்காத இந்த மாற்றம்தான், கண்காணிப்பு ஒரு முடிவை நேரடியாக மாற்றியதற்கு மிகத் தெளிவான சான்று. மாற்று வழி முன்பே கையில் இருந்ததும் முக்கியம். மேற்பாறையின் ஊடே கிணறு செல்லாமல் இருந்திருந்தால், அதே தகவல் கையில் இருந்தும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது.

சகாராவின் மேல் சுழன்ற கண்

அல்ஜீரியாவின் இன் சாலா திட்டத்தில் 2004 முதல் 2011 வரை சுமார் 38 லட்சம் டன் வாயுவை, ஏறத்தாழ 1,900 மீட்டர் ஆழத்தில், 20 மீட்டர் தடிமன்கொண்ட இறுகிய மணற்பாறைக்குள் மூன்று கிடைமட்டக் கிணறுகள் வழியே செலுத்தினார்கள். இங்கே எதிர்பாராத சாட்சி வானத்திலிருந்து வந்தது. ரேடார் செயற்கைக்கோள் ஒரே இடத்தைத் திரும்பத்திரும்பப் படம்பிடித்து ஒப்பிட்டால், தரை சில மில்லிமீட்டர் உயர்வதும் தாழ்வதும்கூடத் தெரியும். செடிகொடி இல்லாத பாலைவனம் இதற்கு மிகத் தோதான இடம். செலுத்துகிணறுகளுக்கு மேலே தரை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருந்தது.

ஒரு கிணற்றுக்கு மேலே மட்டும் அந்த மேடு இரட்டைத் திமில்போல் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. தட்டையான ஓர் அடுக்கில் அழுத்தம் கூடினால் தரை ஒரே மேடாக எழும்பும். செங்குத்தான பிளவு ஒன்று விரிந்தால்தான் நடுவில் தாழ்ந்து இருபுறமும் எழும்பும். மில்லிமீட்டர்களில் இருந்த இந்த வடிவ வேறுபாடு, கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் மூடுபாறையின் கீழ்ப்பகுதிவரை பிளவு விரிந்திருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பியது. பின்னர் எடுத்த நில அதிர்வுப் படமும் அதே திசையில் கைகாட்டியது. 2010இல் அழுத்தத்தைக் குறைத்தார்கள். 2011இல் செலுத்துவதையே நிறுத்தினார்கள். மூடுபாறை பல நூறு மீட்டர் தடிமனானது என்பதால் வாயு அதைத் தாண்டி வரவில்லை.

தாண்டி வந்த இடம் வேறு. 2007இல், செலுத்துகிணற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குமேல் தள்ளியிருந்த ஒரு பழைய ஆய்வுக்கிணற்றின் தலைப்பகுதியில் வாயு கசிவது தெரிந்தது. எந்தக் கிணற்றில் செலுத்திய வாயு அது என்பதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு கிணற்றிலும் வாயுவோடு சேர்த்து அனுப்பியிருந்த தனித்தனித் தடயவேதிப்பொருள்கள் உதவின. பிறகு அந்தப் பழைய கிணற்றைச் சரிசெய்து அடைத்தார்கள். பாறையை மனிதர் படைக்கவில்லை. கிணற்றைப் படைத்தது மனிதர். பலவீனம் பெரும்பாலும் இரண்டாவதில் இருக்கிறது.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் டிகேட்டர் நகர மக்காச்சோள ஆலைத் திட்டம் இதை இன்னும் கசப்பாகக் காட்டியது. அங்கே முதல் கட்டத்தில், 2011 முதல் 2014 வரை, சுமார் 10 லட்சம் டன் செலுத்தியபோது மனிதர் உணர முடியாத சிறுசிறு அதிர்வுகள் ஆயிரக்கணக்கில் பதிவாயின. பல, மணற்பாறைக்குக் கீழே உள்ள அடித்தளப் பாறையில் எழுந்தவை. 2017இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில், அதே மணற்பாறையில் சற்று மேலே செலுத்தினார்கள். அதிர்வுகள் வெகுவாகக் குறைந்தன. அதிர்வுமானிகள் கற்பித்த பாடம் வீண்போகவில்லை. ஆனால் 2024இல் அந்தத் திட்டத்தின் ஆழமான கண்காணிப்புக் கிணறு ஒன்றின் உலோகம் அரித்து, வாயுவும் உவர்நீரும் அனுமதிக்கப்படாத மேலடுக்குக்குள் போனது தெரியவந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதிமீறல் நடவடிக்கை எடுத்தது, செலுத்துவது இடைநிறுத்தப்பட்டது. கசிவைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கிணறே கசிவுக்கு வழியானது. கண்காணிப்புக் கிணறுகள் அதிகமானால் பாதுகாப்பும் அதிகமாகும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

பொய் எச்சரிக்கையின் விலை

தரைக்கு அருகே அளப்பது எளிது, மலிவு. பொருள் கொள்வதுதான் கடினம். மண்ணும் கடலும் தாமாகவே கரியமில வாயுவை மூச்சாக விட்டுக்கொண்டிருக்கின்றன. பருவத்துக்குப் பருவம், பகலுக்கு இரவு அந்த அளவு மாறுகிறது.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் வேபர்ன் எண்ணெய்க் களத்தில் 2000ஆம் ஆண்டு முதல் வாயு செலுத்துகிறார்கள். 2011 தொடக்கத்தில், அருகிலுள்ள ஒரு பண்ணையில் குளம் குமிழியிடுகிறது, விலங்குகள் இறந்து கிடக்கின்றன, காரணம் கசியும் வாயு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மண்ணில் கரியமில வாயு அதிகம் இருந்தது உண்மை. அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. ஆய்வாளர்கள் மண்காற்றில் ஆக்சிஜனையும் சேர்த்து அளந்தார்கள். வேர்களும் நுண்ணுயிரிகளும் மூச்சு விட்டால், கரியமில வாயு எவ்வளவு கூடுகிறதோ ஏறத்தாழ அவ்வளவு ஆக்சிஜன் குறையும். ஆழத்திலிருந்து வாயு புதிதாக வந்து சேர்ந்தால் அந்தக் கணக்கு உதைக்கும். பண்ணையில் கணக்கு உதைக்கவில்லை. வாயு மண்ணின் இயல்பான மூச்சுதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். இந்த முறையின் அழகு, முன்பு எவ்வளவு இருந்தது என்ற பழைய பதிவு இல்லாமலே தீர்ப்புச் சொல்ல முடிவது.

ஜப்பானின் டொமாகோமாய் துறைமுகத்தில் நடந்தது இன்னும் சுவையானது. கடலடிப் பாறையில் 2016 ஏப்ரலில் செலுத்தத் தொடங்கினார்கள். கடல்நீரில் கரைந்த கரியமில வாயு இவ்வளவுக்குமேல் போனால் கசிவு ஐயம் என்று முன்பே ஓர் எல்லைக்கோடு வகுத்திருந்தார்கள். சில வாரங்களிலேயே ஓர் அளவீடு அந்தக் கோட்டைத் தாண்டியது. பாறையில் அழுத்தமும் வெப்பமும் இயல்பாகவே இருந்தன. கடல்நீரின் இயற்கையான ஏற்றத்தாழ்வே காரணம். ஆனாலும் விதி விதிதான். கோட்டைத் திருத்தி வகுத்து, 2017 பிப்ரவரியில்தான் மறுபடி செலுத்தத் தொடங்கினார்கள். 2018 செப்டம்பரில் அருகே 6.7 அளவு நிலநடுக்கம் தாக்கியபோது, கிணற்றடி அழுத்தமானிகளும் வெப்பமானிகளும் கசிவின் அடையாளம் எதையும் காட்டவில்லை. 2019 நவம்பரில் 3 லட்சம் டன் இலக்கு நிறைவேறியது. நிலநடுக்கத்தைத் தாங்கிய திட்டத்தை மாதக்கணக்கில் முடக்கிப்போட்டது, போதிய பருவங்களைப் பார்க்காமல் வகுத்த ஒரு கோடு.

எண்ணிக்கையும் தொல்லை தரும். ஒரு களத்தில் 100 அளவிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் ஆயிரம் நாளுக்கு ஒருமுறை மட்டும் பொய் எச்சரிக்கை தருவதாகவும் வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் அருமையான கருவிகள். களம் முழுதுக்கும் சேர்த்துப் பார்த்தால் பத்து நாளுக்கு ஒரு பொய் எச்சரிக்கை. ஆறு மாதத்தில் கட்டுப்பாட்டு அறையில் யாரும் எச்சரிக்கையைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதனால் ஒரே அளவியை நம்பி எதையும் அறிவிக்காமல், படிப்படியாகப் போகிறார்கள். ஓர் அளவு எல்லை தாண்டினால் முதலில் கருவியைச் சோதிப்பது, பிறகு வேறு முறையில் அளப்பது, இரண்டும் ஒத்துப்போனால் வேகத்தைக் குறைப்பது, அதற்குமேல்தான் நிறுத்துவது. அதிர்வுகளுக்கு இதையே பச்சை, மஞ்சள், சிவப்பு எனச் சாலை சிக்னல்போல் வகுத்து வைக்கிறார்கள். எந்த நிறத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்பது செலுத்தத் தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். பதற்றத்தின் நடுவே கூடிப் பேசி எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஒன்று மிகையாகவோ இல்லை தாமதமாகவோ இருக்கும்.

அளவிலிருந்து முடிவுக்கு

அடியில் உள்ள பாறையை முழுதாகத் தெரிந்துகொள்ள யாராலும் முடியாது. கிணறு துளைத்த சில இடங்களில் மட்டும் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள், மற்றதெல்லாம் ஊகம். ஆகவே ஒரே ஒரு கணினி மாதிரியை நம்பாமல், நூற்றுக்கணக்கான மாதிரிகளை வைத்துக்கொள்வது இன்றைய வழக்கம். ஒன்றில் பிளவு நீரை விடும், இன்னொன்றில் விடாது. ஒன்றில் பாறை அகலம், இன்னொன்றில் குறுகல். கிணற்றிலிருந்து வரும் ஒவ்வோர் அளவுக்கும் ஒத்துப்போகாத மாதிரிகள் மதிப்பிழக்கும், ஒத்துப்போகிறவை வலுப்பெறும். ஸ்னோவிட்டின் அழுத்த வரைகோடு செய்தது அடிப்படையில் இதைத்தான். அகலமான பாறை என்ற ஊகத்தை அது ஒதுக்கித் தள்ளியது.

ஒரு முழுமையான கணினி மாதிரி ஓடி முடிய மணிக்கணக்கில், சிலசமயம் நாள்கணக்கில் ஆகும். அதனால் அமெரிக்க எரிசக்தித் துறையின் தேசிய ஆய்வகங்கள் சேர்ந்து, பாறை, கிணறு, நிலத்தடி நீர், காற்று ஒவ்வொன்றுக்கும் சுருக்கமான மாதிரிகளை உருவாக்கி ஒன்றோடொன்று பிணைத்திருக்கின்றன. சுருக்கம் என்பதால் துல்லியம் சற்றுக் குறையும். பதிலுக்கு, ஆயிரக்கணக்கான ‘இப்படி நடந்தால்?’ கேள்விகளைக் குறுகிய நேரத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அதே முயற்சியில் பிறந்த ‘ட்ரீம்’ என்ற மென்பொருள், கற்பனைக் கசிவுகள் பலவற்றை ஓடவிட்டு, அளவிகளை எங்கே வைத்தால் அவற்றை முன்னதாகக் கண்டுபிடிக்கலாம் என்று தேடுகிறது.

ஓர் அளவீட்டுக்குச் செலவிடலாமா என்பதை முடிவுசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. அதன் முடிவு எப்படி வந்தாலும் அடுத்து செய்யப்போவது ஒன்றுதான் என்றால், அந்த அளவீடு அறிவியலுக்குப் பயன்படலாம், நடத்துபவருக்குப் பயன்படாது. கடலில் ஒரு நில அதிர்வு ஆய்வுக்குக் கப்பல், ஆட்கள், பல மாதக் கணினி வேலை என்று கோடிக்கணக்கில் செலவாகும். முடிவு கைக்கு வரும்போது படம் பழையதாகியிருக்கும். கிணற்றடி அழுத்தமானியோ நொடிக்கு நொடி பேசுகிறது. அதனால் தினசரி முடிவுகள் அழுத்தத்தையும் வெப்பத்தையும் நம்பி எடுக்கப்படுகின்றன. நில அதிர்வுப் படம் சில ஆண்டுக்கு ஒருமுறை அந்த முடிவுகளைச் சரிபார்க்கிறது.

இந்த இடைவெளியைக் குறைக்கவும் முயற்சி நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஓட்வே ஆய்வுக்களத்தில் ஐந்து கிணறுகளில் ஒளியிழை வடங்களை நிரந்தரமாகப் பதித்து, தரையில் மோட்டாரால் இயங்கும் அதிர்விகளை நிறுத்தினார்கள். வடத்தின் ஒவ்வொரு மீட்டரும் ஒலிவாங்கியாக வேலை செய்கிறது. கப்பலோ லாரியோ தேவையில்லை. 2020–21இல் 15,000 டன் செலுத்தியபோது, வாயுத்திரள் பரவுவதை இரண்டொரு நாளுக்கு ஒருமுறை தொலைவிலிருந்தே பார்க்க முடிந்தது. ஆய்வுக்களத்தில் சாத்தியமானது வணிகக் களங்களில், குறிப்பாகக் கடலடியில், எவ்வளவு மலிவாக வரும் என்பதைப் பொறுத்தே அதன் எதிர்காலம்.

எல்லாச் சிக்கலையும் அளவியால் தீர்த்துவிடவும் முடியாது. ஆஸ்திரேலியாவின் பேரோ தீவில் கோர்கன் திட்டம் 2019 ஆகஸ்டில் செலுத்தத் தொடங்கியது. அழுத்தத்தைக் குறைக்கப் பாறையிலிருந்து நீரை வெளியே எடுக்கும் கிணறுகளும் அங்கே உண்டு. அந்த அமைப்பில் மணல் புகுந்து தொல்லை கொடுத்தது. அழுத்தம் எல்லையைத் தாண்டாதிருக்கச் செலுத்தும் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஆண்டுக்கு 40 லட்சம் டன் வரை என்று திட்டமிட்ட இடத்தில் 2022–23இல் அதில் பாதிக்கும் குறைவாகவே போனது. அழுத்தம் கூடுகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததும் இழுக்க வேண்டிய கைப்பிடி வேலை செய்யாததுதான் குறை.

செலுத்தி முடித்து கிணற்றை அடைத்த பிறகும் வேலை தொடர்கிறது. அமெரிக்க விதிகளின்படி, வேறு காலத்தை நிறுவிக் காட்டாதவரை 50 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பை நிறுவனத்திடமிருந்து அரசு ஏற்றுக்கொள்ள மூன்று நிபந்தனைகளை வைக்கிறது. வாயுவின் நடத்தை மாதிரிகளோடு ஒத்துப்போக வேண்டும். கண்டறியத்தக்க கசிவு இருக்கக்கூடாது. களம் நீண்டகால நிலைத்தன்மையை நோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். பொதுவாக, மூடிய பிறகு குறைந்தது 20 ஆண்டுகள் ஆகியிருக்கவும் வேண்டும். பல ஆண்டு அளவீடுகளை ஒழுங்காகச் சேர்த்து, மாதிரிகளை ஒவ்வொரு முறையும் திருத்தி, ஏன் திருத்தினோம் என்று எழுதி வைத்திருப்பவர்களால்தான் முதல் நிபந்தனையை நிரூபிக்க முடியும். கணிப்பு ஒருமுறைகூடப் பிழைக்கக்கூடாது என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. பிழையை அளந்து, புரிந்து, குறைத்துக்கொண்டே வந்ததற்குச் சான்று கேட்கிறது. ஒப்படைக்கும்போது, அதன்பிறகு குறைந்தது 30 ஆண்டுகளுக்கான கண்காணிப்புச் செலவை ஈடுகட்டும் தொகையையும் நிறுவனம் அரசிடம் கட்டிவிட்டுப் போக வேண்டும்.